‘உரிமையாளரின் கவனக்குறைவு’

எங்கள் ஊர் வாகனப் பணிமனைக்காரர்கள் சங்கத்து மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். முப்பத்தோரு வருடம் கார் எஞ்சின்களோடு கிடந்தவன் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேட்க வந்தவர் நல்ல மனிதர். “இனிமையான அனுபவமா ரெண்டு எழுதுங்க அண்ணாச்சி, கசப்பு வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். சரி என்றுதான் சொன்னேன். எழுதவும் உட்கார்ந்தேன். அதற்குள் போன வாரம் ஒரு காரியம் நடந்துவிட்டது.

அடுத்த வீட்டுக்காரர் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். பதினான்கு வருடப் பழைய டீசல் கார் ஒன்று வைத்திருக்கிறார். காலையில் ஸ்டார்ட் செய்தால் முன்பக்கத்தில் கரகரவென்று ஒரு சத்தம் வருகிறது என்று சொல்லி, துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு பைபாஸில் இருக்கிற பெரிய சர்வீஸ் நிலையத்துக்குப் போனார். அங்கிருந்தவர் கையில் ஒரு டேப்லெட் வைத்திருந்தார். வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னார், பத்து விநாடி கேட்டார், திரையில் விரலால் இரண்டு இடத்தில் தொட்டார். டைமிங் செயின் போய்விட்டது, எஞ்சினையே மாற்ற வேண்டும் என்றார். திறந்து பார்த்தீர்களா என்று கேட்டேன். இப்போதெல்லாம் திறப்பதில்லை, முழுசாகத்தான் மாற்றுவோம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். திரையை எட்டிப் பார்த்தேன். பழுதுக்கான காரணம் என்ற இடத்தில் நாலு பதில்கள் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்கள். ஒன்றைத் தொட்டால் போதும். அவர் தொட்டிருந்தது, ‘உரிமையாளரின் கவனக்குறைவு’. நாலையும் படித்தேன். பணிமனையின் தவறு என்று ஒன்று அதில் இல்லை.

வண்டியை அப்படியே வெளியே எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். வேறொரு இடத்தில் செயினையும் அதன் சாமான்களையும் மட்டும் மாற்றினோம். ஒரு பகல் வேலை. இன்று அது நன்றாக ஓடுகிறது. ஆனால் எனக்குக் கோபம் தணியவில்லை. அந்த இரண்டு சொல்லை நான் முன்பே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அதன் கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். ஆகவே இனிமையானதை வேறு யாராவது எழுதட்டும்.

என் சொந்த ஊர் கடம்பூர். ஐ.டி.ஐ. படிப்பு, அதன் பிறகு லாரி பட்டறையில் ஆறு வருடம், அப்புறம் கோவில்பட்டியில் ஒரு கார் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பணிமனை திறந்தபோது அங்கே மெக்கானிக். அந்த நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. முதலாளி மாறி, பெயரும் மாறிவிட்டது. இருபதாவது வருடத்தில் என்னை ஃப்ளோர் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். வண்டி வெளியே போகும் முன்பு கடைசியாகப் பார்த்து, செய்த வேலையை எழுதும் ஜாப் கார்டில் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு. அடியில் குனிந்து கசிவு பார்க்க வேண்டும், ஆயில் அளவு பார்க்க வேண்டும், ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் கையெழுத்து. ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தேன்.

பிறகு மேலாளராகச் சந்திரமோகன் வந்தார். மதுரைப் பக்கத்துக்காரர். எப்போதும் வெள்ளைச் சட்டை. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கூட்டிப் பெருக்குகிற அம்மாவையும் ‘வாங்க, போங்க’ என்றுதான் சொல்வார். ஆயில் கையோடு அவர் அறைக்குள் போனால், காகிதத் துண்டுப் பெட்டியை முதலில் நம் பக்கம் நகர்த்துவார். நாம் கையைத் துடைத்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, “சொல்லுங்க” என்பார். பொய் எழுது என்று அவர் யாரையும் சொன்னதில்லை. கார்டைப் படித்துவிட்டு, “வேற மாதிரி எழுதலாமா?” என்று கேட்பார். கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். எதிரே நிற்பவன் தானாகவே வேறு மாதிரி சொல்லும்வரை அந்த மௌனம் நீளும். திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். மௌனத்தை எதிர்த்து என்ன பேச முடியும்? பல தடவை நானும் வேறு மாதிரி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அவர் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டினார். ஒரு பக்கம், ஒவ்வொரு மெக்கானிக்கும் அன்று முடித்த வண்டிகள். இன்னொரு பக்கம், சரியாகவில்லை என்று திரும்பி வந்த வண்டிகள், பெயரோடு. அந்தப் பலகை வந்த பிறகு வேலை வேகமாயிற்று. மாலை ஐந்தரைக்கு என் மேசையில் கார்டுகள் கட்டாக வந்து விழும். குனிந்து பார்க்க நேரம் ஏது? எடுத்து எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். இதைச் சொல்லாமல் மீதியைச் சொன்னால் நான் யோக்கியன் ஆகிவிடுவேன். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு பங்குனி மாதத்தில் அந்த வண்டி வந்தது. டிராக்டரில் கயிறு கட்டி, ஓட்டப்பிடாரம் பக்கத்தில் இருந்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். எஞ்சின் ஓடாத காரில் ஸ்டியரிங்கும் பிரேக்கும் கல்லாக இறுகி இருக்கும். அத்தனை தூரமும் அதைப் பிடித்துக்கொண்டு வந்தவர் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெண். இறங்கி நின்று இரண்டு கைகளையும் உதறிவிட்டுக்கொண்டார். பெயர் ரங்கம்மாள். பசுவந்தனை பக்கம். வீட்டில் தெலுங்கு பேசுகிற சம்சாரிக் குடும்பம். மானாவாரிக் கரிசலில் உளுந்தும் மக்காச்சோளமும் போடுகிறவர்கள். டிராக்டர் ஓட்டிப் பழகியவர், கணவருக்குச் சிறுநீரகம் பழுதான பிறகு பழைய கார் ஒன்றை வாங்கி, வாரம் இரண்டு நாள் அவரைத் தூத்துக்குடிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப் போய் வந்துகொண்டிருந்தார். அப்படிப் போகும் வழியில்தான் வண்டி ஒரு பெரிய சத்தத்தோடு நின்றிருக்கிறது. வழியில் வந்த லோடு ஆட்டோவை நிறுத்தி, கணவரை அதில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, மறுநாள் டிராக்டரோடு வந்து வண்டியை எடுத்திருக்கிறார்.

வரவேற்பில் இருந்த ஆலோசகர் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, வீட்டில் இருந்து ஆண்கள் யாராவது வந்திருக்கிறார்களா என்பது.

“வண்டி ஓட்டுனது நான். எங்கிட்டக் கேளுங்க” என்றார் ரங்கம்மாள்.

அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “நாலு மாசமா காலையில ஸ்டார்ட் பண்ணினா சோளத்தட்டை நொறுங்குத மாதிரி ஒரு சத்தம். அந்த ஆயில் லைட்டும் உடனே அணையாது, செத்த நேரம் எரிஞ்சிட்டுத்தான் அணையும். ரெண்டு தடவை இங்கன வந்து சொன்னேன். டீசல் வண்டின்னா அப்படித்தாம்மான்னு அனுப்பி வச்சிட்டீங்க.”

ஆலோசகர் அதில் ஒரு வரியைக்கூட எழுதவில்லை. கடைசியாக எத்தனை கிலோமீட்டரில் ஆயில் மாற்றினீர்கள் என்று மட்டும் கேட்டார். மாற்ற வேண்டிய கணக்கைவிட எண்ணூறு கிலோமீட்டர் கூட ஓடியிருந்தது. அதை மட்டும் எழுதிக்கொண்டார். எண்ணூறு கிலோமீட்டரில் எந்த எஞ்சினும் சாவதில்லை.

டைமிங் செயின் என்பது சைக்கிள் செயின் மாதிரிதான். கீழே சுழல்கிற கிராங்கையும் மேலே வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம் ஷாஃப்டையும் ஒரே தாளத்தில் கட்டி வைப்பது அது. அறுந்தால் மேலே இருப்பது நின்றுவிடும், கீழே இருப்பது நிற்காது. திறந்திருக்கிற வால்வின் மேல் பிஸ்டன் போய் முட்டும். ஆகவே செயின் அறுந்த வண்டியில் சாவியைத் திருப்பிப் பார்க்கக் கூடாது. கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றினேன். கீழே சுற்றியது, மேலே அசையவில்லை. மேல் மூடியைக் கழற்றினேன். வால்வை அழுத்துகிற சின்ன ராக்கர் கைகள் பதினாறில் பதினொன்று இரண்டாக முறிந்து கிடந்தன. அவை முறிந்ததால் வால்வுகள் பெரும்பாலும் தப்பியிருந்தன. எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டை இறக்கிப் பார்த்ததில் மூன்று வால்வுகள்தான் வளைந்திருந்தன. பிஸ்டன்களில் நகக்குறி அளவுக்குத் தடம், அவ்வளவுதான். எஞ்சின் சாகவில்லை.

முன்மூடியைக் கழற்றியதும் அறுந்த செயின் அடியில் சுருண்டு கிடந்தது. அது ஓடுகிற பாதையைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடு துண்டு துண்டாக நொறுங்கியிருந்தது. செயின் வெகுநாள் தளர்ந்து ஆடி ஆடி அதை அடித்து நொறுக்கியிருக்கிறது. ஏன் தளர்ந்தது? செயினை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது. ஆயில் போய்ச் சேராவிட்டால் அதற்குப் பலம் இல்லை. ஆயிலைத் தொட்டுப் பார்த்தேன். கறுத்திருந்தது, ஆனால் கூழாகவில்லை. பிறகு அடியில் ஆயில் தேங்கி நிற்கும் சம்ப்பை இறக்கினேன்.

பம்ப்பு ஆயிலை உறிஞ்சுகிற வாயில் ஒரு வலை இருக்கும். அந்த வலையில் முக்கால் பாகத்தைச் சாம்பல் நிறத்தில் ஏதோ மூடியிருந்தது. சிறு இடுக்கியால் ஒன்றை இழுத்தேன். வேகவைத்த சேமியா மாதிரி நீளமாக வந்தது. சம்ப்பை ஒட்டப் போடுகிற பேஸ்ட். அளவுக்கு மேல் பிதுக்கினால் உள்பக்கமும் பிதுங்கி, சரியாகக் காயாமல், பிய்ந்து ஆயிலில் விழும். தொழிற்சாலையில் இருந்து வரும்போது அந்த வண்டியில் போட்டிருப்பது கறுப்புப் பேஸ்ட். சாம்பல் நிறம் எங்கள் பணிமனையில் வாங்குவது.

கம்ப்யூட்டரில் பழைய கார்டுகளை எடுத்துப் பார்த்தேன். நாலு மாதத்துக்கு முன்னால் காட்டுப் பாதையில் கல் தட்டி சம்ப்பில் கசிவு என்று அதே வண்டி வந்திருக்கிறது. கழற்றி ஒட்டியவர், மாரிமுத்து. பரிசோதித்து அனுப்பியவர், செல்வராஜ். அதாவது நான். வண்டியின் நிறம்கூட எனக்கு நினைவில்லை. அப்படியானால் நான் குனிந்து பார்க்கவே இல்லை.

மாரிமுத்து பதினைந்து வருடமாக என்னோடு வேலை செய்தவர். கைசுத்தமான வேலைக்காரர். அந்த வலையைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். பார்த்த உடனே புரிந்துகொண்டார். மறுக்கவில்லை.

“ரெண்டு மணி நேரம் காயணும்னு எனக்குத் தெரியும்லா அண்ணாச்சி. முக்கா மணியில வண்டியைக் கேட்டாங்க. லீக்னு திரும்பி வந்தா எம்பேரு போர்டுல ஏறும். அதான் கொஞ்சம் கனமா வச்சேன்.”

அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. கார்டை என் கையாலேயே எழுதினேன். சம்ப் ஒட்டும்போது பேஸ்ட் அதிகமாகி, வலையை அடைத்து, டென்ஷனருக்கு ஆயில் போகாமல் செயின் தளர்ந்து அறுந்தது. வாடிக்கையாளர் இரண்டு தடவை சத்தத்தைச் சொல்லியும் பார்க்கப்படவில்லை. தவறு பணிமனையுடையது. முந்தைய பரிசோதனைக் கையெழுத்து என்னுடையது. இவ்வளவையும் எழுதி, வேலை செய்தவர் பெயருக்கான கட்டத்தில் மாரிமுத்துவின் பெயரையும் எழுதினேன். அந்தக் கட்டத்தை நிரப்பாமல் கார்டு செல்லாது.

சந்திரமோகன் இரண்டு தடவை படித்தார். “தெளிவா எழுதியிருக்கீங்க செல்வராஜ். நான் பார்த்துக்கறேன்” என்றார். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அவரைத் தப்பாக நினைத்துவிட்டோமோ என்று தோன்றியது.

மறுநாள் என் மேசையில் அச்சடித்த புதுக் கார்டு இருந்தது. ஆயில் மாற்றத் தவறியதால் செயின் அறுந்தது. காரணம், உரிமையாளரின் கவனக்குறைவு. பரிந்துரை, புது எஞ்சின். கீழே என் பெயர் அச்சாகி, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. வண்டியின் விலையைவிட எஞ்சினின் விலை கூடுதல். புது எஞ்சின் என்று எழுதுவதற்கு, வண்டியைத் தலைமுழுகு என்றுதான் அர்த்தம். என் கையால் எழுதிய கார்டை எங்கும் காணவில்லை.

அவர் அறைக்குப் போனேன். காகிதத் துண்டுப் பெட்டியை நகர்த்தினார். நான் கையைத் துடைக்கவில்லை.

“இதுல கையெழுத்துப் போட மாட்டேன் சார். நான் எழுதினது எங்க?”

“அந்த சம்ப் வேலையைப் பரிசோதிச்ச கையெழுத்து உங்களோடதுதானே?” என்று திருப்பிக் கேட்டார்.

“ஆமா சார்.”

“அப்ப அந்தக் கார்டு வெளிய போனா யாருக்கு என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? உங்களுக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் இருக்கு.”

சொல்லிவிட்டு வழக்கம்போல மௌனமாகிவிட்டார். நான் கார்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வீரம் ஒன்றும் பேசவில்லை என்பதை எழுதத்தான் வேண்டும். என் நாற்காலியில் அரைமணி நேரம் அந்தக் கார்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகளுக்கு அப்போதுதான் நிச்சயம் பேசி முடித்திருந்தோம். மாரிமுத்துவின் பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடத்தில். போட்டுவிட்டால் எல்லாருக்கும் நல்லது என்று ஒரு கணக்கு மனதில் ஓடியது. எல்லாருக்கும் என்பதில் அந்த அம்மாவை மட்டும் நான் சேர்த்துக்கொள்ளவில்லை.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் வாடிக்கையாளர் இருக்கைகள். ரங்கம்மாள் அங்கே உட்கார்ந்து, மறுநாள் விடிகாலையில் தூத்துக்குடிக்கு எத்தனை மணிக்குப் பஸ், எங்கே மாற வேண்டும் என்று போனில் யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் கணவர் சீனிவாசன். ஊசி ஏறி ஏறித் தடித்த இடது கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தார். எதிரே நின்ற ஆலோசகர் இன்னும் நாலு வாடிக்கையாளர்கள் காதுபட, ஆயில் என்று ஒன்று இருப்பதே பெண்களுக்குத் தெரிவதில்லை, பெட்ரோல் பங்கோடு சரி என்று வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். ரங்கம்மாள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். வந்த அன்று, எங்கிட்டக் கேளுங்க என்று சொன்னவர். இரண்டே நாளில் அவரையே, தப்பு தன் மேல்தானோ என்று நம்ப வைத்துவிட்டார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை.

அந்த வலையை ஒரு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். அவருக்கு முன்னால் இருந்த கண்ணாடி மேசையில் வைத்தேன். ஆயில் சொட்டு அந்த மேசையில் பரவியது.

“அம்மா, இது உங்க தப்பு இல்ல. நாலு மாசம் முந்தி நாங்க ஒட்டுன பேஸ்ட்டு இது. இதுதான் அடைச்சிருக்கு. பார்த்துட்டேன்னு கையெழுத்துப் போட்டவன் நான். நான் பார்க்கல.”

சீனிவாசன்தான் முதலில் கையை நீட்டி, அந்தச் சாம்பல் துண்டு ஒன்றை எடுத்து விரலிடையில் நசுக்கிப் பார்த்தார். மனைவியிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். ரங்கம்மாள் எழுந்து நின்று, தன் போனில் அந்தத் தட்டைப் படம் எடுத்தார். பக்கத்தில் இருந்த ஒருவரும் எடுத்தார். அவர் வண்டியிலும் போன மாதம்தான் எங்கள் பணிமனையில் சம்ப் கழற்றினார்களாம்.

அதன் பிறகு மூன்று மணி நேரத்தில் எல்லாம் மாறியது. சந்திரமோகன் தானே இறங்கி வந்தார். காப்பி வரவழைத்தார். நுகர்வோர் நீதிமன்றம் என்ற பேச்சு வருவதற்குள், எஞ்சினைப் பணிமனையே தன் பொறுப்பில் சரிசெய்து கொடுக்கும் என்றார். கார்டு மூன்றாவது தடவையாக அச்சாயிற்று. அதில் காரணம் என்ற இடம் காலி. வேறொரு இடத்தில், ‘நல்லெண்ண அடிப்படையில் இலவசப் பழுதுபார்ப்பு’ என்று இருந்தது. நல்லெண்ணமாம். ஒருவர் வண்டியைக் கெடுத்து, பழியையும் அவர் தலையில் வைத்து, மாட்டிக்கொண்ட பிறகு செய்கிற காரியத்துக்கு இவர்கள் வைத்த பெயர் நல்லெண்ணம். படிக்கும்போது உடம்பெல்லாம் எரிந்தது.

வேலையை நானே செய்வேன் என்று சந்திரமோகனிடம் சொன்னேன். மறுக்கவில்லை. சாமான்கள் வந்து சேர ஒரு வாரம் ஆயிற்று. வேலை நாலு நாள். மாரிமுத்து என்னோடு நின்றார்.

வளைந்த வால்வுகளை மாற்றி, பதினாறையும் அதனதன் இருக்கையில் அரைத்துப் பொருத்தினோம். ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, துவாரங்களில் டீசலை ஊற்றிக் காத்திருந்தோம். ஒரு சொட்டுக் கசிந்தாலும் அந்த வால்வை மறுபடி அரைக்க வேண்டும். இரண்டு கசிந்தன. மறுபடி அரைத்தோம். கிராங்கின் பேரிங்குகள் லேசாகத் தேய்ந்திருந்ததால் அவற்றையும் மாற்றினோம். ஆயில் போகிற வழிகளை எல்லாம் காற்றடித்து, கழுவி, மறுபடி காற்றடித்தோம். ஹெட் போல்ட்டுகளைப் புதிதாகத்தான் போட வேண்டும். நடுவில் ஆரம்பித்து வெளியே போகிற வரிசையில், முதலில் அளவோடு, பிறகு கோணம் பார்த்து இரண்டு சுற்றாக முறுக்கினோம். கிராங்கையும் கேமையும் அதற்கான பின்களால் அசையாமல் பூட்டிவிட்டு, புதுக் கைடு, புதுச் செயின். கடைசியில்தான் டென்ஷனரின் பின்னை உருவ வேண்டும். உருவியதும் செயின் விறைத்துக்கொள்ளும்.

சம்ப்பின் விளிம்பைப் பழைய பேஸ்ட் துளிகூட இல்லாமல் மரச்சீவலால் சுரண்டி எடுத்தோம். தீக்குச்சி கனத்துக்குமேல் போகாமல் மாரிமுத்து ஒரே கோடாகப் பேஸ்ட் வைத்தார். பூட்டிய பிறகு பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு இரண்டு மணி நேரம் நான் உட்கார்ந்துகொண்டேன். வண்டி முடிந்ததா என்று மூன்று தடவை கேட்டு ஆள் வந்தது. மூன்று தடவையும் கடிகாரத்தைக் காட்டினேன். அப்புறம் ஆயில் ஊற்றி, கையாலேயே எஞ்சினை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினோம். எங்கும் தட்டவில்லை. டீசலை நிறுத்தி வைத்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரை மட்டும் ஓட்டினோம். அணைந்தது. அதற்குப் பிறகுதான் உண்மையாக ஸ்டார்ட் செய்தோம். மாரிமுத்து என்னைப் பார்த்தார்.

ரங்கம்மாள் வண்டியை எடுக்க வந்தபோது, வழக்கப்படி நான் ஓட்டிக் காட்டுகிறேன் என்றேன்.

“நீங்க ஓட்ட வேண்டாம். நான் ஓட்டுதேன். நீங்க பக்கத்துல இருந்து சத்தத்தைக் கேளுங்க.”

பசுவந்தனை ரோட்டில் ஊரைத் தாண்டினோம். இருபுறமும் அறுப்பு முடிந்த கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. எஞ்சின் சீராக ஓடியது. ஒரு வார்த்தை நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேனோ என்னவோ, தெரியவில்லை. உண்மையைச் சொன்னவன் அல்லவா என்று எனக்குள் ஒரு நினைப்பு இருந்திருக்கும்.

“உங்க தப்புன்னு எல்லார் முன்னாலயும் சொன்னீங்க. சரிதான்” என்றார் ரோட்டைப் பார்த்தபடியே. “இந்தப் பதிமூணு நாள்ல நாலு தடவை எங்க வீட்டுக்காரவுகள பஸ்ஸுல கூட்டிட்டுப் போய் வந்தேன். ஒரு தடவை ஓட்டப்பிடாரம் பஸ்ஸ்டாண்டுல மயங்கி விழுந்துட்டாவ. சுத்தி நின்னவுக குடிச்சிருக்காருன்னு பேசினாவ. அதை எந்தக் கார்டுல எழுதுவீங்க?”

பதிலுக்காக அவர் கேட்கவில்லை. வண்டியைத் திருப்பி, பணிமனை வாசலில் என்னை இறக்கிவிட்டுவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் மாரிமுத்துவை அழைத்து, சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்ட என்னை விட்டுவிட்டு அவரை ஏன் அனுப்புகிறீர்கள் என்று போய்க் கேட்டேன். சந்திரமோகன், “அவரே விருப்பப்பட்டு எழுதியிருக்கார், பாருங்க” என்று தாளைக் காட்டினார். மாரிமுத்து எட்டயபுரம் ரோட்டில் சொந்தமாக ஒரு பட்டறை போட்டுக்கொண்டார். என்னோடு இன்றும் நல்லபடியாகத்தான் பேசுகிறார். ஒரே ஒரு தடவை, “நீங்க எழுதினது சரிதான் அண்ணாச்சி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு எழுதியிருக்கலாம்” என்றார். அதுவும் நியாயம்தான். என்னைப் புது வண்டிகள் நிறுத்துகிற யார்டுக்கு மாற்றினார்கள். கரிசல் புழுதி படிந்த கார்களை எண்ணிக் குறித்துக்கொள்ளும் வேலை. கடைசி இரண்டு வருடம் ஒரு ஸ்பேனரைத் தொடவில்லை. சந்திரமோகன் பதவி உயர்வில் போனார்.

நான் ஓய்வு பெற்ற அன்று பணிமனையில் சின்ன விழா வைத்தார்கள். புதிதாக வந்திருந்த மேலாளர் இளைஞர், என்னை அதற்கு முன்பு பார்த்ததுகூட இல்லை. கம்ப்யூட்டரில் இருந்து எடுத்த ஒரு தாளைப் பார்த்துப் படித்தார். முப்பத்தோரு வருடச் சேவையில் செல்வராஜ் மீது ஒரு புகார்கூடப் பதிவானதில்லை, இது எல்லாரும் பின்பற்ற வேண்டிய சாதனை என்றார். கை தட்டினார்கள். சால்வையைப் பிரித்துக்கொண்டு என்னை நோக்கி வந்தார்.

நான் எழுந்து நின்றேன். “ஒரு புகார் உண்டு சார். பசுவந்தனை அம்மா ஒருத்தரோட வண்டி. ரெண்டு வருஷத்துக்கு முந்தி என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். அந்தக் கார்டை எடுத்தது யாருன்னு பார்த்து, திரும்ப என் பதிவுல சேருங்க. அதுக்கப்புறம் சால்வை போடுங்க” என்றேன்.

அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பாவம், அவர் மேல் தவறில்லை. பார்க்கச் சொல்லுகிறேன் என்றார். கூட்டத்தில் சிலர் எழுந்து வெளியே போனார்கள். நானும் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. பார்த்துவிட்டதாக இதுவரை எனக்குத் தகவல் வரவில்லை.